காது கூவுது, பஞ்சு காணுமா?

கேள்வி: பஞ்சிகாவத்தையில கராஜ் ஒண்டில கிரைண்டர் பிடிக்கிறன். பின்னேரம் வீட்ட போனா காது கூவுது, விடிய சரியாகிடுது. பஞ்சு வச்சா காணுமா?

பதில்: தம்பி, விடிய சரியாகுதெண்டு விட்டிடாதீங்கோ, உள்காதில சத்தத்தை உணருற மயிர்க்கலங்கள் செத்தா திரும்ப முளைக்காது. பஞ்சு பெரிசா மறிக்காது. ஃபோம் இயர்பிளக் வாங்கி, கையைக் கழுவிட்டு மெல்லிசா உருட்டி, மற்றக் கையால காதை மேல பின்பக்கமா இழுத்து உள்ள விட்டு, அது விரிஞ்சு இறுகும் வரைக்கும் விரலால பிடிச்சிருங்கோ. சத்தத்தை டெசிபெல்லில அளக்கிறது; ஒரு நாளைக்கு 85 டெசிபெல் சத்தத்தில 8 மணித்தியாலம், 88 எண்டா 4 மணித்தியாலம் தான் காது தாங்கிற கணக்கு, கிரைண்டர் சத்தம் அதை விடக் கூட. முதலாளியிட்ட சொல்லி கிரைண்டரை ஒதுக்குப்புறமா வைக்கச் சொல்லுங்கோ, அதுதான் முதல் வேலை. பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டை கிளினிக்கிலயும் ஒருக்காக் காட்டுங்கோ.