அம்மாவின் கால் ரத்தக்குழாய் அடைப்பு: பெண்களுக்கு இது ஆண்களைவிட மோசமாகத்தான் முடியுமா?

உங்கள் கேள்வி: அம்மாவுக்கு வயது 70, பல வருடச் சர்க்கரை, கால் விரல் புண் ஆறவில்லை, அடைப்பு முற்றிவிட்டது என்கிறார்கள், பெண்களுக்கு இது மோசமாக முடியும் என்பது உண்மையா?

பாதிதான் உண்மை. சிகிச்சைக்குப் படுத்திருக்கும் நாட்களில் ரத்தக்கசிவும் உயிரிழப்பும், பைபாஸ் செய்தால் தையல் ஆறாத சிக்கலும், பெண்களுக்கு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. காலை எடுக்க நேர்வது பெரும்பாலான கணக்குகளில் ஆண்களுக்கே அதிகம். ஜெர்மனியின் மருத்துவக் காப்பீட்டுத் தரவுகளில் வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தபோது, நீண்ட காலம் பிழைத்திருந்தது பெண்கள்தான். இத்தனைக்கும் ஆஞ்சியோவும் (தொடை வழியாக மெல்லிய குழல் விட்டு அடைப்பைப் பார்த்து, பலூனால் விரிப்பது) கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்திருந்தன. ஆகவே "பொம்பளை உடம்பு தாங்காது" என்று சொந்தக்காரர் யார் சொன்னாலும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

உடலில் வேறுபாடே இல்லையா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இருக்கிறது. பெண்களின் குழாய்கள் சராசரியாகச் சிறியவை, நோய் வெளியே தெரியும்போது வயதும் கூடியிருக்கும். ஆனால் கெடுதலில் பெரும்பங்கு தாமதத்தாலும், ஆண் உடம்புக்குப் போட்ட கணக்கைப் பெண்ணுக்கும் அப்படியே போடுவதாலும் வருகிறது. இரண்டையும் தடுக்கலாம்.

தாமதம் எப்படி நேர்கிறது? நடந்தால் ஆடுசதை இழுத்துப் பிடிக்கும், நின்றால் விடும் என்பது பாடப்புத்தக அறிகுறி. வீட்டுக்குள்ளேயே நடமாடும் பெண்ணுக்கு அந்த வலி வரும் தூரமே வாய்ப்பதில்லை. வந்தாலும் மூட்டுத் தேய்மானம் என்று தைலம் தேய்ப்பார்கள். பிறகு ஒரேயடியாக ராத்திரி வலி. படுத்தால் பாதம் எரியும், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் ரத்தம் கீழே இறங்கிச் சற்று அடங்கும். தொங்கவிட்ட பாதம் சிவந்து வீங்கியிருப்பதைப் பார்த்து "ரத்த ஓட்டம் நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாந்துபோவார்கள். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பாதம் வெளுத்துப்போனால் அந்தச் சிவப்பு நல்ல ரத்த ஓட்டம் அல்ல. அந்தக் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். வீக்கத்துக்கு இறுக்கமாகக் கிரேப் பேண்டேஜும் சுற்றக்கூடாது.

அடுத்தது காலில் ரத்த அழுத்தத்தை அளப்பது. கொலுசைக் கழற்றினால்தான் கணுக்காலில் பிரஷர் பார்க்கும் பட்டை (கப்) ஒழுங்காக உட்காரும். மெட்டியை இன்றே கழற்றுங்கள். விரல் வீங்கினால் அது சதைக்குள் புதைந்து, இருக்கிற கொஞ்ச ஓட்டத்தையும் நெரிக்கும். சோப்பு நீருக்கு வராவிட்டால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள், புண்ணின் மேல் உரசி இழுக்காதீர்கள்.

கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9 ஆகவோ அதற்குக் கீழேயோ இருந்தால் அடைப்பு உண்டு. ஆனால் நாள்பட்ட சர்க்கரையில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, கப் அழுத்தினாலும் அமுங்காது. எண் 1.4-ஐத் தாண்டும், அல்லது பொய்யாக நார்மல் என்று காட்டும். அதனால் கால் கட்டைவிரல் அழுத்தத்தைக் கேளுங்கள். அது 30-க்குக் கீழே என்றால் புண் தானாக ஆறும் என்று காத்திருக்கக் கூடாது, ரத்தநாள அறுவை நிபுணரை உடனே பார்க்க வேண்டும். கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் "ஓட்டம் குறைவு" என்று ஒரு வரி எழுதி அனுப்புவது போதவே போதாது.

சிகிச்சை மேஜையில்தான் எடைக்கணக்கு பெரிதாகப் பேசும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் 5000 யூனிட் என்று பொதுவாகப் போட்டால், 80 கிலோ ஆணுக்குக் கிலோவுக்கு 62 யூனிட் சொச்சம். 45 கிலோ அம்மாவுக்கு 111. தொடையிடுக்கில் ஊசித்துளையிலிருந்து கசிவு பெண்களுக்கு அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றைய எடையைப் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்துத்தான் துளையிடுவார்களா என்றும் கேளுங்கள். துளை மேலே தள்ளிப் போய்விட்டால் ரத்தம் வயிற்றுக்குப் பின்னால் தேங்கும், வெளியே வீக்கமே தெரியாது. ஆஞ்சியோ முடிந்தபின் இடுப்பு அல்லது முதுகு வலி, வியர்வை, பிரஷர் இறக்கம் வந்தால் "வாய்வு" என்று விட்டுவிடாமல் நர்ஸை அழையுங்கள்.

சிறுநீரகத்திலும் இதே ஏமாற்றுதான். ரத்தத்திலுள்ள கழிவுப்பொருளான கிரியாட்டினின் 1.0 என்றால் நார்மல் என்பார்கள். வயது, எடை, பாலினம் சேர்த்துக் கணக்கிட்டால் 70 வயது, 80 கிலோ ஆணுக்கு வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 78 மி.லி. அதே வயதில் 45 கிலோ பெண்ணுக்கு 37. ஆஞ்சியோ சாயத்தின் அளவையும் மருந்து டோஸையும் இந்த எண்ணை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

பைபாஸ் என்றால் காலின் சொந்த நரம்பு (சிரை என்னும் ரத்தக்குழாய்) 3 மி.மீ.யாவது இருக்க வேண்டும். ஏசி அறையில், தண்ணீர் குடிக்காமல் படுக்கவைத்து அளந்தால் நரம்பு சுருங்கிச் சிறியதாகத் தெரியும். பெண்களுக்கு ஏற்கெனவே மெல்லிய நரம்பு என்பதால் "தேறாது" என்று சுலபமாக முடிவாகிவிடும். உடல் கதகதப்பாக இருக்கும்போது, நிற்கவைத்தோ தொடையில் பட்டை கட்டியோ மறுபடி அளக்கக் கேட்பதில் தவறில்லை.

பைபாஸா பலூனா என்பதற்குப் பெண்கள் விஷயத்தில் உறுதியான விடை இல்லை என்பதுதான் என் ஆதங்கம். இந்த இரண்டையும் ஒப்பிட்டு 2022-இல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வின் 1830 பேரில் பெண்கள் கால்பங்கைச் சற்றே தாண்டினார்கள். அதேபோன்ற 2023-இன் பாசில்-2 ஆய்வில் 345 பேரில் பெண்கள் 65 பேர். ஆண்களை வைத்து எடுத்த முடிவைத்தான் நம் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்றும் மனதை உறுத்துகிறது: தெளிவாகப் பேசும் நிலையில் அம்மா கட்டிலில் இருக்க, கையெழுத்தை மகனிடம் வாங்கிப் போய்விடுகிறார்கள். அவரிடம் பேசி, அவரே முடிவெடுக்கட்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஆஸ்பிரின் அல்லது குளோப்பிடோக்ரெல், கூடவே ஸ்டாட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். கொழுப்பு நார்மல் என்பது ஸ்டாட்டினை விடுவதற்குக் காரணம் ஆகாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவரோக்சபான் 2.5 மி.கி. இரு வேளை சேர்க்கலாமா என்று கேட்கும்போது ஹீமோகுளோபினையும், மேலே சொன்னபடி அம்மாவுக்குக் கணக்கிட்ட சிறுநீரக எண்ணையும் எடுத்துச் சொல்லுங்கள்.