விமானத் தாமத இழப்பீடு: நிறுவனத்திடம் கொடுக்கலாமா, நாமே கேட்கலாமா?

பிராங்க்ஃபர்ட்டிலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்கு ஒரே டிக்கெட். முதல் விமானம் தாமதமானதால் அடுத்ததைத் தவறவிட்டு, ஐந்து மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்தீர்கள். இழப்பீடு வாங்கித் தரும் நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விமான நிறுவனத்திடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 சட்டப்படி, அங்கிருந்து புறப்படும் எந்த நாட்டு விமானமும் இதற்குள் வரும். கடைசி ஊருக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு. 3,500 கிலோமீட்டரைத் தாண்டிய தூரம், நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்பதால் உங்களுக்கு 600 யூரோ. வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரமல்ல, கதவு திறந்த நேரம். இதே பயணம் சென்னையிலிருந்து தொடங்கி, வளைகுடா நிறுவன விமானத்தில் என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது.

புயல், விமானக் கட்டுப்பாட்டு ஊழியர் வேலைநிறுத்தம் என்றால் பணம் கிடைக்காது. வழக்கமான இயந்திரக் கோளாறு அந்தக் கணக்கில் சேராது. "தொழில்நுட்பக் காரணம்" என்று ஒற்றை வரியில் மறுத்தால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அப்படி மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, அப்புறம் இழப்பீடு வாங்கித் தரும் நிறுவனத்தை நாடலாம். ஜெயித்தால்தான் கட்டணம், ஆனால் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போகும், வழக்கு வரை போனால் பாதிகூட. கையெழுத்திடும் தாளில் உங்கள் உரிமையையே அவர்களுக்கு மாற்றித் தரும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிறகு நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது. ஜெர்மன் சட்டப்படி மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். போர்டிங் பாஸை மட்டும் பத்திரமாக வையுங்கள்.