விடுப்பில் இருப்பவரைத் தொலைபேசியில் துரத்தலாமா? – விடுப்பு குறித்த வாசகர் கேள்விகள்

மூன்று ஆண்டுகளாக ஈட்டிய விடுப்பு எதையும் எடுக்கவில்லை. இப்போது என் கணக்கில் எத்தனை நாள் இருக்கும்? (திருச்சி)

வேலை தொழிற்சாலையிலா, கடையிலா என்பதைக்கூடக் குறிப்பிடாமல் கணக்குக் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? தொழிற்சாலை என்றால், வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்து, அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டுபோகலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருபவருக்கு ஆண்டுக்கு 12 நாள், சேர்த்துவைக்க உச்சம் 24. தொழிற்சாலையில் முறைப்படி விண்ணப்பித்து மறுக்கப்பட்ட விடுப்புக்கு அந்த 30 நாள் வரம்பு கிடையாது. எனவே விடுப்பை எப்போதும் எழுத்தில் கேளுங்கள்.

சேர்ந்தாற்போல் பத்து நாள் எடுப்பது நல்லதா, பிரித்துப் பிரித்து எடுப்பதா? (மதுரை)

இரண்டும் வேண்டும். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியர்களிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், விடுமுறைக்குப் பின் கூடியிருந்த பணி ஈடுபாடு ஒரு மாதத்துக்குள் கரைந்துவிட்டது. வேலைப்பளு மிகுந்தவர்களுக்கு விரைவாகவும், ஓய்வு நேரத்தில் உண்மையிலேயே இளைப்பாறியவர்களுக்குத் தாமதமாகவும் கரைந்தது. மே மாதம் எடுத்த விடுப்பு தீபாவளி வரை தாங்காது என்பதால், நீண்ட விடுப்பு ஒன்றும் இடையிடையே இரண்டு மூன்று நாள் விடுப்பும் எடுங்கள்.

விடுப்புக் கொடுக்க நான் தயங்குவதில்லை. ஆனால் என் குழுவில் ஒருவர் விடுப்பில் போனால் போனையே எடுப்பதில்லை. எப்படிக் கண்டிப்பது? (சென்னை)

கண்டிக்க வேண்டியது அவரை அல்ல. மனிதவளப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த எனக்கு, இந்தக் கேள்வியைப் போல் வருத்தம் தருவது வேறில்லை. நான் பணியாற்றிய ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் தங்கையின் திருமணத்துக்கு நான்கு நாள் விடுப்பில் சென்றார். முகூர்த்த வேளையில், மேளச் சத்தம் கேட்காத இடம் தேடிச் சமையற்கட்டின் பின்புறம் நின்று, ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான பில்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று மூன்று முறை பதில் சொல்லியிருக்கிறார். இரண்டே மாதத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர், "தாலி கட்டும்போது நான் அங்கே இல்லை சார்" என்றார். நல்ல ஊழியரை இழந்தோம். காரணம், ஒரு பக்க ஒப்படைப்புக் குறிப்பை யாரும் கேட்டு வாங்காததுதான். வேலையிலிருந்து மனம் விலகாதவரை ஓய்வு ஓய்வாகாது என்பதை உளவியலாளர் சபீன் சோனென்டாக் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். விடுப்புத் தொடங்க இரண்டு நாள் முன்பே, நிலுவை என்ன, எந்தக் கோப்பு எங்கே, யார் பார்த்துக்கொள்வார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவரை அழைக்காதீர்கள்.

அரசு ஊழியர் நான். விடுப்பைச் சரண்டர் செய்வது லாபமா? (வேலூர்)

தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால், 2025 அக்டோபர் முதல் மீண்டும் 15 நாள் ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்யலாம், அதாவது விடுப்பை ஒப்படைத்துப் பணமாகப் பெறலாம். பணத் தேவை இருந்தால் செய்யுங்கள். ஆண்டுக்கு 30 நாளில் மீதி 15 நாளையாவது ஓய்வுக்கு எடுங்கள்.

உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி ஒரு நாள் எடுக்கலாமா? (ஈரோடு)

கூடாது. அதற்குத்தான் தற்செயல் விடுப்பு இருக்கிறது. அதையும் எழுத்தில் கேளுங்கள்.

திரும்பிய முதல் நாளே களைத்துப்போகிறேன். (கோவை)

திங்கட்கிழமை சேராமல் வியாழக்கிழமை சேருங்கள். இரண்டு நாளில் வார இறுதி வந்துவிடும். முதல் நாள் மதியம் வரை கூட்டம் எதையும் ஒப்புக்கொள்ளாமல், தேங்கிய மின்னஞ்சல்களை மட்டும் பாருங்கள்.