‘இன்னும் ஒரே ஓர் ஆட்டம்’

கேள்வி: டெட்ரிஸ், 2048, கேண்டி கிரஷ் போன்ற புதிர் விளையாட்டுகள் மீது எனக்குத் தீராத விருப்பம். ‘இன்னும் ஒரே ஓர் ஆட்டம்’ என்று உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டிவிடுகிறது. கண்ணை மூடினாலும் கட்டங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. வேலையிலோ குடும்பத்திலோ இதனால் சிக்கல் இல்லை. இது நோயா? எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டுமா?

பதில்: கட்டங்கள் விழுவதைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். ராபர்ட் ஸ்டிக்கோல்டு என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், டெட்ரிஸ் ஆடியவர்களில் பலர் தூக்கம் வரும் வேளையில் அதே காட்சியைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர்களில் சிலர் மறதி நோயாளிகள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை, ஆனாலும் கட்டங்கள் விழுந்தன.

நோயா என்ற கேள்விக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், பாதிப்பு வந்த பிறகும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து வாழ்க்கையைக் கணிசமாகக் குலைக்கும் அளவுக்கு, பொதுவாக 12 மாதங்களாவது நீடிக்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த நிலை தெரியவில்லை. கெடுவது தூக்கம்தான், அது சின்ன விஷயமும் அல்ல.

உங்களைப் பிடித்து வைத்திருப்பது என்ன என்று பாருங்கள். அலெக்ஸி பஜித்னோவ் 1984-இல் மாஸ்கோவில் உருவாக்கிய டெட்ரிஸில், நீங்கள் சரியாக அடுக்கிய வரிசை அந்தக் கணமே மறைந்துவிடும். தவறாக வைத்த துண்டு மட்டும் கண்முன்னே நிற்கும். அதைச் சரிசெய்ய ஒரு வழி தோன்றுவதற்குள் அடுத்த துண்டு ஓரத்தில் காத்திருக்கும். கையில் ஏதாவது ஒரு வேலை எப்போதும் பாதியில் நிற்பதால், எழுந்து போவதற்கான இடமே அந்த ஆட்டத்தில் இல்லை. 2048-இலும் அப்படித்தான்: பெயரில் உள்ள எண்ணை எட்டிய பிறகும் தொடரலாமா என்று கேட்கும், யார் வேண்டாம் என்பார்கள்? எனவே உங்களுக்கு மன உறுதி இல்லை என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை, முடிவில்லாத ஆட்டத்துக்கு முடிவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

டெட்ரிஸின் பல பதிப்புகளில் 40 வரிசைகளை அழித்ததும் முடிந்துவிடும் ஆட்டமுறை உண்டு. படுக்கைக்குப் போகும் முன் அல்லாமல் மாலையிலேயே அதை ஆடுங்கள். எவ்வளவு விரைவில் முடிக்கிறோம் என்ற போட்டி என்பதால் சுவையும் குறையாது, உங்களைப் போன்றவர்களுக்குக் கூடவும் கூடும். நாளுக்கு ஒரு புதிய புதிர் தரும் வேர்டில் என்ற சொல் விளையாட்டு போன்றவையும் நல்லவை. ‘இத்தனை நிமிடம்’ என்று அலாரம் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாதி ஆட்டத்தில் ஒலிக்கும் அலாரத்தை அணைக்காத கை ஏது?

கேண்டி கிரஷ் விஷயத்தில் மட்டும் நான் சற்றுக் கறாராக இருப்பேன். அங்கே உயிர்கள், அதாவது தோற்கும்போது ஒவ்வொன்றாகக் குறையும் வாய்ப்புகள், தீர்ந்ததும் ஆட்டம் நிற்கும்; அரை மணி நேரத்துக்கு ஓர் உயிர் வீதம் திரும்பக் கிடைக்கும், பொறுக்க முடியாதவர்கள் பணம் கட்டலாம். நிறுத்தம் போலத் தெரியும் அதுவே மீண்டும் வரவழைக்கும் ஏற்பாடு. நீக்குவதானால் அந்த ஒன்றை நீக்குங்கள். மற்ற இரண்டும் இருக்கட்டும்.