ஒன்பது சதுரங்களில் தொடங்கலாம்

வணக்கம். தையல் வகுப்பில் சட்டையும் பாவாடையும் தைக்கப் பழகியிருக்கிறேன். கனடாவிலிருந்து வந்த மச்சாள் கொண்டுவந்த ஒட்டுத்துணிப் போர்வையைக் கண்டதிலிருந்து அப்படியொன்றைத் தைக்க ஆசையாக இருக்கிறது. அதில் எட்டு முனை நட்சத்திரங்கள். மூலைகள் எல்லாம் பிசகாமல் பொருந்தியிருக்கின்றன. துண்டு இணைத்தல், முக்கோணம் வெட்டுதல், அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தல், ஓரம் கட்டுதல் ஆகியவற்றைப் பழந்துணியில் தனித்தனியே பழகிவிட்டுப் போர்வையைத் தொடங்கலாமா?

வாசகி, கோண்டாவில்

அன்புள்ள வாசகிக்கு,

தனித்தனியே பழக வேண்டாம் என்றே சொல்வேன். பழந்துணியில் இரண்டு துண்டுகளை இணைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். தையல் விலகியது, அந்தத் துண்டு இன்னொன்றோடு சேர வேண்டி வரும்போதுதான் தெரியும். ஆகவே, சிறியதாயினும் முழுமையான ஒரு பொருளையே தையுங்கள். 4½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசைகளாக இணைத்தால் தேநீர்த் தட்டின் கீழே போட ஒரு விரிப்பு வந்துவிடும். நீங்கள் கேட்டவற்றில் முக்கோணம் தவிர மற்றவை அனைத்தும் அதற்குள் அடங்கும்.

சட்டை தைத்தவர்கள் முதலில் தடுமாறுவது, தையலுக்கு வெளியே விடும் துணியான தையல் விளிம்பில்தான், ஏனென்றால் இதில் விடுவது கால் அங்குலம் மட்டுமே. ஊசியிலிருந்து அந்த அளவு தள்ளி மெசின் தட்டில் ஒட்டுநாடாவை ஒட்டி, துணியின் விளிம்பு அதை உரசிக்கொண்டு போகும்படி தையுங்கள். மூன்று சதுரங்கள் சேர்ந்த வரிசை 12½ அங்குலம் இருக்க வேண்டும். 12¼ தான் இருக்கிறதென்றால், தைத்த ஒவ்வொரு விளிம்பிலும் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டீர்கள்.

மூலைகள் பொருந்துவதோ பாதிக்குமேல் மின்னழுத்தியின் வேலை. முதல் வரிசையின் தையல் விளிம்புகளை வலப்பக்கமும், இரண்டாவதை இடப்பக்கமும், மூன்றாவதை மீண்டும் வலப்பக்கமும் சாய்த்து அழுத்துங்கள். உடுப்பு மினுக்குவதுபோல் இழுக்கக் கூடாது, வைத்து வைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் சதுரம் கோணிவிடும். பிறகு இரண்டு வரிசைகளை நேருக்கு நேர் வைத்துத் தடவினால், எதிரெதிரே சாய்ந்த தடிப்புகள் ஒன்றையொன்று முட்டி நிற்பது விரல்நுனியில் தெரியும். அங்கே ஒரு குண்டூசியைக் குத்திவிட்டுத் தைத்தால் மூலை அசையாது.

பருத்தி வெட்டுத்துண்டுகளைத் தையற்கடைகளில் கேட்டு வாங்கலாம். கட்டமிட்டு நெய்த பழைய சாரம் கிடைத்தால் இன்னும் நல்லது; கோடு நூலோட்டத்திலேயே போவதால் அதைப் பிடித்து நேராக வெட்டிவிடலாம். அச்சடித்த கட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பு, கருநீலத் துணிகளை முன்னரே அலசிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். நடு அடுக்குக்குப் பஞ்சு வேண்டியதில்லை, அது மச்சாளின் ஊர்க் குளிருக்கு. நமது வெக்கைக்குப் பழைய படுக்கைவிரிப்பு ஒரு மடிப்பு போதும். வங்காளத்துக் காந்தா வேலையிலும் பழஞ்சேலைகளைத்தான் அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிறார்கள்.

ஓரப்பட்டியை மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, மேல்நோக்கி மடித்து, பின் கீழே கொண்டுவந்து தைக்க வேண்டும். இதை எழுத்தில் விளக்குவது கடினம். கடதாசிப் பட்டியில் ஒருமுறை மடித்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

அடுத்த விரிப்பில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூலைச் சதுரங்களும் நடுச் சதுரமும் அப்படியே இருக்க, மீதி நான்கையும் இருநிற முக்கோணங்கள் சேர்ந்த சதுரங்களாக்கி ஒரே சுற்றில் திருப்பி வைத்தால் நான்கு முனை நட்சத்திரம் வரும். முக்கோணமாக வெட்டிவிட்டு இணைக்கப் போனால் குறுக்கு விளிம்பு இழுபடும். அதனால் இருநிறத்து 5 அங்குலச் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு கீறி, கோட்டின் இருபுறமும் கால் அங்குலத்தில் தைத்த பின்னரே கோட்டில் வெட்டுங்கள். கிடைக்கும் இரண்டையும் 4½ அங்குலத்துக்குச் சீர்செய்யுங்கள்.

அந்த நான்கு இடங்களிலும் நந்நான்கு முக்கோணங்கள் சேர்ந்த சதுரங்களை வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் அமையும். அமெரிக்காவில் அதை ஒஹையோ நட்சத்திரம் என்பார்கள். அது கைவந்தபின் தைக்கும் நட்சத்திரக் கட்டங்களுக்கு ஓரம் கட்டாமல் சேர்த்து வையுங்கள். 12½ அங்குலக் கட்டம் மற்றவற்றோடு இணைத்த பின் 12 அங்குலம் என்பதால், அகலத்துக்கு ஐந்தும் நீளத்துக்கு ஆறுமாக முப்பது சேர்ந்தால் ஐந்தடிக்கு ஆறடிப் போர்வையின் மேற்துணி ஆயத்தம்.