ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே மாட்டிய கம்ப்யூட்டர் பற்றி இந்த முறை நான்கு கேள்விகள். நான்கிலும் புகார் ஒன்றுதான், காரணம்தான் வேறு வேறு.

கேள்வி: பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன், கல்லூரி இரண்டாம் ஆண்டு. அப்பா கொடுத்த பணத்தில் இன்டெல் ஐ5-12400எஃப் பிராசசர், பி660 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வாங்கினேன். பிராசசர் சென்னை ரிச்சி தெருவில், மற்றதெல்லாம் ஆன்லைனில். கிராபிக்ஸ் கார்டு அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கு என்கிறார். திருப்பி அனுப்பட்டுமா?

பதில்: தம்பி, போர்டைக் கழற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எந்தப் பொருளும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. பிராசசர் பெயரின் கடைசியில் இருக்கும் அந்த 'எஃப்' தான் விஷயம்.

12400-உம் 12400எஃப்-உம் வேகத்தில் ஒன்றேதான். முதலாவதில் படம் காட்டும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. எஃப் போட்டதில் அது வேலை செய்யாது, அதனால்தான் விலையும் குறைவு. போர்டின் பின்பக்கம் இருக்கும் எச்டிஎம்ஐ துளை வெறும் வாசல்தான். பிராசசருக்குள் இருந்து படம் வந்தால் அது வெளியே விடும், வராவிட்டால் அதில் ஒன்றும் இல்லை. போர்டில் அந்தத் துளை இருப்பதைப் பார்த்துவிட்டு 'கார்டு இல்லாமலே ஓடும்' என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

உறுதி செய்துகொள்ள ஒரு ரூபாய்கூடச் செலவு வேண்டாம். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று மிகச் சிறிய எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் கடுகளவு விளக்குகள் இருக்கும். எல்லா போர்டிலும் இருக்காது, உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள். விஜிஏ, அதாவது படம் காட்டும் பகுதிக்கான விளக்கு எரிந்தபடியே நின்றால் நான் சொன்னதுதான் காரணம். விளக்கே இல்லாத போர்டு என்றால், நண்பர் ஒருவரிடம் கிராபிக்ஸ் கார்டை ஒரு சாயங்காலத்துக்கு இரவல் கேளுங்கள். மானிட்டர் கேபிளை அந்தக் கார்டின் துளையில் செருகுங்கள், போர்டின் துளையில் வேண்டாம். பத்து வருடத்துக்கும் மேற்பட்ட மிகப் பழைய கார்டாக இருந்தால், புதிய போர்டோடு ஒத்துப்போகாமல் அதுவும் படம் காட்டாமல் போகலாம். அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

கார்டு போட்டும் வரவில்லையா? அப்போது இந்த வரிசையில் போங்கள். மானிட்டரில் சோர்ஸ் எச்டிஎம்ஐ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பிராசசருக்கு மேலே, போர்டின் மூலையில் உள்ள 8 பின் பவர் கேபிள். 24 பின் பெரிய கேபிளை யாரும் மறப்பதில்லை. இந்தச் சின்னது கேபினட்டின் இடுக்கில் இருப்பதால் விட்டுப்போகும். விட்டுப்போனாலும் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், அதனால் சந்தேகமே வராது. கார்டுக்குத் தனிப் பவர் கேபிள் வேண்டுமென்றால் அதையும் பாருங்கள்.

அடுத்தது ரேம். என் அனுபவத்தில் அதிகமாகக் காலை வாருவது இதுதான். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு ரேமையும் எடுங்கள். ஒன்றை மட்டும், பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் வையுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் அதுதான் முதலில் போட வேண்டிய இடம். கட்டை விரல்களால் இரு முனைகளிலும் அழுத்துங்கள். 'டக்' என்ற சத்தம் இரண்டு முனையிலும் கேட்க வேண்டும். சில போர்டுகளில் ஒரு முனையில்தான் கொக்கி இருக்கும். அதில் கொக்கி இல்லாத முனை பாதி ஏறி நிற்பது கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தங்க நிறப் பற்கள் ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் இன்னும் அழுத்த வேண்டும் என்று பொருள்.

அதற்கும் மசியாவிட்டால் பயாஸ் அமைப்பை, அதாவது போர்டு தொடங்கும்போது படிக்கும் அமைப்புகளை, அழித்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள 2032 ரக வட்ட பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துத் திரும்பப் போட்டால் போதும். கடைசி வழி, போர்டை கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, ஒரு ரேமும் கார்டும் மட்டும் மாட்டி ஓட்டிப் பார்ப்பது. அப்படி ஓடினால் கேபினட்டுக்குள் ஏதோ ஒரு பித்தளைத் தாங்கி வேண்டாத இடத்தில் நின்று போர்டின் அடியில் ஷார்ட் ஆக்குகிறது.

இனி பணக் கணக்கு. பில்லை எடுத்துப் பாருங்கள். பில்லில் வெறும் '12400' என்று எழுதி, பெட்டிக்குள் 12400எஃப் வந்திருந்தால் அது கடைக்காரர் தவறு, மாற்றித் தரத்தான் வேண்டும். பில்லிலும் எஃப் இருந்தால் மாற்றித் தருவது அவர் மனசைப் பொறுத்தது. சீல் பிரித்த நல்ல பொருளைக் கட்டாயமாகத் திருப்ப முடியாது. அப்படியானால் தனிப் பவர் கேபிள் கேட்காத ஒரு சின்ன கார்டை, ஓட்டிக் காட்டச் சொல்லி, பழையதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். 75 வாட் வரை போர்டின் ஸ்லாட்டே கொடுத்துவிடும், உங்கள் 550 வாட் தாராளம்.

இன்டெலுக்குப் பதில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர் வாங்குகிறவர்கள் வேறு எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். ரைசன் 5 5600-க்குப் படம் கிடையாது, 5600ஜி-க்கு உண்டு. 7600-க்கு உண்டு, 7500எஃப்-க்குக் கிடையாது. ஒற்றை எழுத்தில் பல ஆயிரம் ரூபாய் முடிவு ஆகிறது. பணம் கொடுக்கும் முன் முழு மாடல் பெயரையும் கடைக்காரரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தேவகோட்டை. ரைசன் 7600, டிடிஆர்5 ரேம் 32 ஜிபி. முதல் முறை போட்டதும் ஒரு நிமிடம் பார்த்தோம், கறுப்புத் திரைதான். பயந்து அணைத்துவிட்டோம். நாலைந்து தடவை இப்படியே. ரேம் கெட்டதா?

பதில்: அணைக்காதீர்கள், அவ்வளவுதான். டிடிஆர்5 போர்டுகள் முதல் தடவை ரேமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். அது சில நிமிடம்கூட ஆகும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், ரேமுக்கான டிராம் விளக்கு எரியும். நீங்கள் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அது முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. போட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரம் ஆகியும் வராவிட்டால் மேலே பள்ளத்தூர் தம்பிக்குச் சொன்னபடி ஒற்றை ரேமில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டில் மகன் கம்ப்யூட்டர் கட்டி வைத்திருக்கிறான். சில நாள் டிஸ்பிளே வருகிறது, சில நாள் இல்லை. வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நின்று கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. மதுரையில் அவன் ரூமில் நன்றாக ஓடியது. எஸ்எம்பிஎஸ் மாற்றச் சொல்கிறான். வாங்கலாமா?

பதில்: ஆச்சி, எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு மாட்டியிருக்கிறீர்களா? அல்லது மூன்று துளை இருந்தும் பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இல்லையா? நம் ஊர்ப் பழைய வீடுகளில் இரண்டுமே சகஜம். மர ரீப்பர் மேல் இழுத்த அந்தக் காலத்து ஒயரிங்கில் விளக்குக்கும் விசிறிக்கும் எர்த் இழுத்திருக்க மாட்டார்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் கசிவு எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லாதபோது அது கேபினட்டின் இரும்பில் தங்கிவிடும். மெயின் வோல்டேஜில் பாதி அளவு, 115 வோல்ட் வரைகூட மீட்டரில் காட்டும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் இந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் அந்தப் பொறி மானிட்டருக்கும் கார்டுக்கும் உள்ளே போகலாம். டிஸ்பிளே விட்டுவிட்டு வருவதற்கு அது காரணமாக இருக்க இடம் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸில் உண்மையிலேயே பழுது இருந்தாலும் எர்த் இல்லாதபோது ஆபத்து அதிகம். அதனால் எர்த் சரியாகும் வரை ஓட்ட வேண்டாம், மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கொல்லைப்புறத்தில் புதிதாக எர்த் குழி போட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு மட்டும் தனி எர்த் ஒயர் இழுத்தாலே போதும். வீடு முழுக்க உடைக்க வேண்டாம். 'நியூட்ரலையே எர்த்தில் முறுக்கிவிடுகிறேன்' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். நியூட்ரல் ஒயர் எங்கோ அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் நிற்கும், உயிருக்கே ஆபத்து. எர்த் போட்ட பிறகும் கோளாறு இருந்தால் அப்போது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: காரைக்குடி. ஆன்லைனில் வாங்கிய மதர்போர்டில் டிஸ்பிளே வராமல் திருப்பி அனுப்பினேன். 'சாக்கெட் பின் வளைந்திருக்கிறது, நீங்கள் செய்தது' என்று மறுத்துவிட்டார்கள். நான் பிராசசரை ஒரே முறைதான் வைத்தேன்.

பதில்: இன்டெல் சாக்கெட்டில் தலைமுடி போன்ற பின்கள் ஆயிரத்துக்கும் மேல், 12-ஆம் தலைமுறைக்கு 1700. ஒன்று சாய்ந்தாலும் ரேமையோ கார்டையோ காணாமல் அடித்துவிடும். யார் வளைத்தது என்பதற்குச் சாட்சி வேண்டும், அதுதான் உங்கள் வழக்கின் பலவீனம். பெட்டி பிரித்ததை வீடியோ எடுத்தீர்களா? சாக்கெட் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியை வைத்திருக்கிறீர்களா? இருந்தால் பலம் அதிகம்.

இல்லாவிட்டாலும் சும்மா இருக்காதீர்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், அவர்கள் அனுப்பிய மறுப்புக் கடிதம், போர்டின் சீரியல் எண் தெரியும் படம் மூன்றையும் இன்றைக்கே அச்செடுத்து ஒரு உறையில் போட்டு வையுங்கள். அப்புறம், அந்த வளைந்த பின்னை ஊசியால் நிமிர்த்திப் பார்க்காதீர்கள். நீங்கள் கை வைத்த அடையாளம் ஒன்று இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள்.