காட்டுக்குத் துடைப்பம் எதற்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஓக் மரத்தைப் பற்றியவை, மீதி உண்ணியைப் பற்றியவை. எழுதியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நாலைந்து ஏக்கர் காட்டோடு வீடு வாங்கியவர்கள். ஒரு வேண்டுகோள்: எந்த மாநிலம், மண் ஈரமா வறண்டதா, இப்போது என்ன மரங்கள் நிற்கின்றன என்பதைச் சொல்லாமல் "என்ன நடலாம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படி வந்த கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

கே: அக்டோபரில் ஓக் கொட்டைகளைப் பொறுக்கி, அலமாரியில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஏப்ரலில் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஏன்? (பென்சில்வேனியா)

ப: காயவிட்டீர்கள், செத்துவிட்டன. ஓக் கொட்டை நெல் மாதிரி உலர்த்திச் சேமிக்கிற விதை அல்ல, ஈரம் போனால் உயிரும் போய்விடும். எந்த வகை ஓக் என்று எழுதவில்லை, அதனால் இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இலையின் மடல்கள் வளைவாக, முள் இல்லாமல் இருந்தால் வெள்ளை ஓக் வகை. அதன் கொட்டை விழுந்த சில வாரங்களிலேயே வேர் விடும், பொறுக்கியவுடன் விதைத்துவிட வேண்டும். மடல் நுனியில் ஊசிமுள் இருந்தால் சிவப்பு ஓக் வகை. அதற்குக் குளிர் தேவை. ஈரமான மரத்தூளில் கலந்து குளிர்பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்து, வசந்தத்தில் விதைக்கலாம். உறைபெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

விதைக்கும் முன் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவற்றில் பெரும்பாலும் வண்டு துளைத்திருக்கும் அல்லது காய்ந்திருக்கும், வீசிவிடுங்கள். ஓர் அங்குல ஆழம் போதும். மேலே கம்பி வலை போட்டு மூடாவிட்டால் நீங்கள் நடுவது அணிலுக்குத்தான்.

கே: 50 கன்று நட்டேன். ஒரே குளிர்காலத்தில் மான்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. மானுக்குப் பிடிக்காத ஓக் வகை எது? (நியூ ஜெர்சி)

ப: அப்படி ஒரு ஓக் இல்லை. கூண்டு போடாமல் கன்று நடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. 50 கன்றுக்கு ஆன செலவில் பத்துக் கன்றும் பத்துக் கூண்டும் வாங்கியிருக்கலாம். ஐந்தடி உயரக் கம்பிக் கூண்டு அல்லது பிளாஸ்டிக் குழல், எதுவானாலும் சரி. குழல் என்றால் வாயில் வலை மாட்டுங்கள், இல்லையென்றால் சிறு பறவைகள் உள்ளே விழுந்து வெளியே வர முடியாமல் சாகும். கன்று வலைக்கு மேலே வந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும். தண்டு குழலை நிறைக்கத் தொடங்கினால் குழலையும் கழற்றுங்கள்.

கே: ஓக் காய்க்க 20 வருடம் ஆகும் என்கிறார்கள். சாடூத் ஓக் ஏழெட்டு வருடத்தில் காய்க்கும் என்று நாற்றுப் பண்ணையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வர்ஜீனியா)

ப: வேண்டாம். அவர்கள் சொல்வது உண்மைதான், சீக்கிரம் காய்க்கும். ஆனால் அது கிழக்காசிய மரம், இங்கே சில இடங்களில் தோப்பைத் தாண்டித் தானாகப் பரவ ஆரம்பித்துவிட்டது. வெள்ளை ஓக் நட்டால் 20 வருடத்துக்கு மேல்தான் ஆகும், நன்றாகக் காய்க்க இன்னும் அதிகம்.

அவசரம் என்றால் வேறு வழி இருக்கிறது. உங்கள் காட்டிலேயே ஓக் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நெருக்கடியில் ஒடுங்கி நிற்கும் நல்ல ஓக் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தலையை இடிக்கும் பக்கத்து மரங்களை வெட்டி, மூன்று நான்கு பக்கமும் வெயில் விழ விடுங்கள். சில வருடங்களில் கிளை விரிந்து காய்ப்பு கூடும். புதுக் கன்று வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் யாருக்கும் இதில் ஆர்வம் இல்லை, நட்டால்தான் வேலை செய்தது போல இருக்கிறது போலும்.

கே: எட்டு ஏக்கர் காடு வாங்கியிருக்கிறோம். பட்ட மரங்களும் விழுந்த கட்டைகளும் சருகுமாக ஒரே குப்பை. எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டால் உண்ணியும் போகும், பறவைகளும் வரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எந்த இயந்திரம் வாடகைக்கு எடுக்கலாம்? (கனெக்டிகட்)

ப: எதையும் எடுக்காதீர்கள். இந்தச் "சுத்தம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். காட்டுயிருக்காக நிலம் வாங்கினேன் என்று எழுதுகிறீர்கள், அடுத்த வரியிலேயே அவற்றின் வீட்டை இடிக்க இயந்திரம் கேட்கிறீர்கள்.

நின்றபடியே பட்டுப்போன மரத்தை மரங்கொத்தி குடையும். அது விட்டுப்போன பொந்தில் சிக்கடி என்ற சிறு பறவை, சிறு ஆந்தை, பறக்கும் அணில் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குடிவரும். அவற்றில் பலவற்றால் தாமாகப் பொந்து குடைய முடியாது. விழுந்த கட்டைக்கு அடியில் பல்லி போலிருக்கும் சாலமாண்டர்கள் இருக்கும், கட்டையைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். பார்த்த பிறகு இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

அப்புறம் சருகு. ஓக் மரத்தைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் கொட்டையைத்தான் சொல்வார்கள். அதன் இலையை நூற்றுக்கணக்கான வகைப் புழுக்கள் தின்கின்றன, பறவைகள் குஞ்சுக்கு ஊட்டுவது அந்தப் புழுக்களைத்தான். ஒரு சிக்கடி இணைக்கு ஒரு முறை குஞ்சு பொரித்து வளர்க்க ஆயிரக்கணக்கில் புழு வேண்டும். அந்தப் புழுக்களில் பல, வளர்ந்ததும் மரத்திலிருந்து இறங்கி அடியில் இருக்கும் சருகிலும் மண்ணிலும்தான் கூட்டுப்புழுவாகின்றன. சருகை வாரி எரித்துவிட்டு, பறவைத் தீனி மூட்டை வாங்கித் தொங்கவிடுகிறவர்களை என்ன சொல்ல!

உண்ணி விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் கால்வாசி உண்மை. வீட்டை ஒட்டிய புல்வெளியிலும் அதன் ஓரத்திலும் சருகை அகற்றுங்கள். புல்வெளிக்கும் காட்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்கு மரச்சில்லு பரப்புங்கள். நடக்கிற பாதையை அகலமாக வெட்டி வையுங்கள், செடி உடம்பில் உரசாமல் நடக்க முடிய வேண்டும். அதோடு நிறுத்துங்கள். எட்டு ஏக்கரையும் பெருக்க வேண்டாம். வீட்டின் மேலோ பாதையின் மேலோ விழக்கூடிய பட்ட மரத்தை வெட்டத்தான் வேண்டும், முடிந்தால் பத்துப் பதினைந்தடி அடிமரத்தை நிற்க விடுங்கள்.

கை பரபரத்தால் ஜப்பானிய பார்பெரி என்ற முட்புதரைப் பிடுங்குங்கள். உங்கள் மாநிலத்தில் செய்த ஆய்வுகளிலேயே, அந்தப் புதர் அடர்ந்த இடங்களில் உண்ணி அதிகம் என்று தெரிந்திருக்கிறது. புதருக்கடியில் ஈரப்பதம் தங்குகிறது, உண்ணிக்கு அதுதான் வேண்டும். எலிக்கும் ஒளிய இடம் கிடைக்கிறது. அதை அகற்றுவது ஒன்றுதான் நான் ஒத்துக்கொள்கிற சுத்தம்.

கே: ஓக் நட்டால் உண்ணி பெருகும் என்று படித்தேன். நடலாமா, வேண்டாமா? (நியூயார்க்)

ப: நடலாம். நீங்கள் படித்ததிலும் விஷயம் இருக்கிறது. ஓக் ஒரு வருடம் கொட்டித் தீர்க்கும், அடுத்த வருடம் பேருக்குக் காய்க்கும். நிறையக் காய்த்த வருடத்துக்கு அடுத்த கோடையில் வெண்கால் சுண்டெலி பெருகும். புதிதாகப் பொரித்த உண்ணிகள் அந்த எலிகளின் ரத்தத்தைக் குடித்து உண்ணிக் கடியால் மனிதருக்கு வரும் லைம் நோயின் கிருமியை வாங்கிக்கொள்கின்றன. அதற்கும் அடுத்த வருடம் அவை வளர்ந்து நம்மைக் கடிக்க வரும். ஆகவே அமோகமாகக் காய்த்த வருடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து வரும் கோடையில் கூடுதல் கவனமாக இருங்கள். பத்துக் கன்றால் இந்தக் கணக்கு மாறிவிடாது, உங்களைச் சுற்றி ஏற்கெனவே ஓக் காடுதான். குழந்தைகள் விளையாடும் இடத்தை விட்டுத் தள்ளி நடுங்கள், போதும்.

கே: ஒட்டிக்கொண்ட உண்ணியைத் தீக்குச்சியால் சுட்டால் தானாக விழுமா? (மேரிலாந்து)

ப: சுடாதீர்கள். வாசலின், நெயில் பாலிஷ் எதுவும் வேண்டாம். கூர்மையான சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். லைம் கிருமி உடலுக்குள் போகப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால் அன்றன்றைக்கே தேடி எடுப்பதுதான் பாதுகாப்பு. அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போங்கள். எடுத்த உண்ணி ரத்தம் குடித்து உப்பியிருந்தால் தடிப்புக்குக் காத்திருக்காமல் உடனே கேளுங்கள். தடுப்பு மருந்து கொடுப்பதென்றால் மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

கே: பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைக் கையிலும் காலிலும் தடவிக்கொண்டு காட்டுக்குப் போகிறேன். போதுமா? வீட்டில் பூனை இருக்கிறது. (மாசசூசெட்ஸ்)

ப: டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பதில்லையா? பெர்மெத்ரின் துணிக்கு, தோலுக்கு அல்ல. காலணி, சாக்ஸ், பேன்ட் மூன்றிலும் வெளியில் வைத்துத் தெளித்து, முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள். ஈரமாக இருக்கும்போது பூனையை அருகில் விடாதீர்கள், அதற்கு விஷம். ஓடையிலும் கலக்கவிடாதீர்கள், மீன் சாகும். தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சி விரட்டி.

பேன்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். வீடு வந்ததும் துணியைத் துவைக்கும் முன் உலர்த்தும் இயந்திரத்தில் அதிக வெப்பத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அப்புறம் முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்பு, தொப்புள், காதுமடல், தலைமுடி எல்லாம் பாருங்கள். மே முதல் ஜூலை வரை திரியும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

கே: ஒப்போசம் (குட்டியைப் பையில் சுமக்கும், பூனையளவு காட்டு விலங்கு) பெருகினால் உண்ணியைத் தின்று தீர்த்துவிடுமாமே? (ஒஹாயோ)

ப: அழகான கதை. காட்டில் திரிந்த ஒப்போசங்களின் வயிற்றை ஆராய்ந்தபோது உண்ணி கிடைக்கவில்லை. ஒப்போசம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் சாக்ஸைக் கவனியுங்கள்.

கே: மே மாதம் விடுமுறை கிடைக்கிறது. ஓக் கிளைகளைக் கழிக்கலாமா? (மிச்சிகன்)

ப: கூடாது. உங்கள் பகுதியில் ஓக் வாடல் நோய் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை புது வெட்டுக்காயத்தின் வாசனைக்கு வண்டுகள் வரும், பூஞ்சையையும் கொண்டுவரும். சிவப்பு ஓக் என்றால் சில வாரங்களில் மரம் போய்விடும், வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்கும் பரவும். கடுங்குளிரில் வெட்டுங்கள். புயலில் கிளை முறிந்தால் மட்டும் காயத்தின் மேல் உடனே பெயின்ட் அடியுங்கள். மற்ற சமயங்களில் காயத்துக்குப் பெயின்ட் தேவையில்லை.